ரத்தத்தின் ஐந்தொகை

தமிழில் கொழுப்பு என்ற சொல்லுக்கு எப்போதுமே கெட்ட பெயர்தான். வாய்க்கொழுப்பு, பணக்கொழுப்பு, கொழுப்பெடுத்துத் திரிகிறான் என்று எல்லாமே வசவு. அதனால்தானோ என்னவோ, ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னால் நம் ஆட்களுக்கு முதலில் வருவது பயம் அல்ல, ரோஷம். "நான் எண்ணெயே தொடறதில்லைங்க, எனக்கு எப்படிங்க கொழுப்பு வரும்?" என்பார்கள். ரேஸ் கோர்ஸில் காலையில் என்னுடன் நடக்கும் ஓய்வூதியர் கூட்டத்தில் இந்தக் கேள்வியை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு முறை மூன்று பேர் தங்கள் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவந்து, "நீங்க கணக்குப் பார்த்த ஆளுங்களாச்சே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்கள்.

நான் மருத்துவன் அல்ல. கருவூலத்தில் 36 வருடம் பில் பாஸ் செய்த குமாஸ்தா. ஆனால் இந்தக் கணக்கு என் வீட்டிலேயே இருக்கிறது. அதனால் இருபது வருடங்களுக்கு மேலாக, கிடைத்ததையெல்லாம் படித்தும், டாக்டர்களைத் துளைத்துக் கேட்டும் வருகிறேன். அவர்களுக்கு வாய்வழியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பள்ளிப்படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில் என்பது இங்கே தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பிரெஞ்சு கருவூல வேலையில் ஒரு நாளும் உதவியதில்லை. இந்த விஷயத்தில் உதவியது. கல்யாணமாகி பிரான்ஸ் போன என் தங்கை சில வருடங்களுக்கு முன் தன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். மேலே 'பிலான் லிபிதிக்' என்று போட்டிருந்தது. லிபிதிக் என்றால் கொழுப்பு சம்பந்தப்பட்டது. பிலான் என்பது கணக்கர்களின் சொல்; நம் ஊரில் பழைய கடைக் கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகை என்பார்களே, அதேதான். வருடக் கடைசியில் வரவு, செலவு, இருப்பு, கடன் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து எடுக்கும் தாள். லிப்பிட் ப்ரொஃபைல் என்று நம் லேப்காரர்கள் கொடுக்கும் தாளிலும் வழக்கமாக ஐந்து தொகைகள்தான்: மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., வி.எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடு. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

தங்கையின் தாளைப் பார்த்த என் மனைவி, "ஏனுங்க, 2.10-னு தானே போட்டிருக்குது, நமக்கெல்லாம் 200, 250-னு வருதே! பிரான்ஸ்ல இருந்தா கொழுப்பே வராதுங்களா?" என்றாள். வித்தியாசம் அளவையில்தான். பிரான்ஸில் ஒரு லிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் என்று எழுதுவார்கள். நாம் ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லியில், எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறோம். அவர்களுடைய எண்ணை 100-ஆல் பெருக்கினால் நம் எண். 2.10 என்பது நமக்கு 210. லண்டனிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு மில்லிமோல் என்ற அளவில் 5.4, 5.5 என்று வரும். கொலஸ்ட்ராலாக இருந்தால் அதை 38.7-ஆல் பெருக்குங்கள். ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் 88.6. இது தெரியாமல் போனில் ஒப்பிட்டுப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

கொலஸ்ட்ராலுக்குப் பெயர் வைத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். மிஷேல் யூஜேன் ஷெவ்ரெல் என்ற வேதியியலாளர். பித்தப்பைக் கல்லில் இருக்கும் வெள்ளையான மெழுகு போன்ற பொருளை அதற்கு முன்பே, 18-ஆம் நூற்றாண்டில், புல்த்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர் பிரித்துப் பார்த்திருந்தார். ஷெவ்ரெல் சோப்பு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். காரம் சேர்த்தால் மற்றக் கொழுப்பெல்லாம் சோப்பாகிறது, பித்தக்கல் மெழுகு மட்டும் சோப்பாக மறுக்கிறது என்று கண்டு, 1815, 1816 வாக்கில் அதற்குத் தனிப்பெயர் கொடுத்தார்: கொலெஸ்தெரீன். கிரேக்க மொழியில் கொலே என்றால் பித்தம், ஸ்தெரெயோஸ் என்றால் கெட்டி. கெட்டிப்பட்ட பித்தம். ஐஃபல் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் ஷெவ்ரெல் பெயரும் உண்டு. 102 வயது வரை வாழ்ந்து 1889-ல் இறந்தார். கொலஸ்ட்ராலைக் கண்டு பயப்படுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொலஸ்ட்ரால் என்பது வாணலியில் இருக்கும் எண்ணெய் அல்ல. அது நம் உடம்பே செய்துகொள்ளும் ஒரு மெழுகு. உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் அது வேண்டும். பித்தநீர், வைட்டமின் டி, ஆண் பெண் ஹார்மோன்கள் எல்லாமே அதிலிருந்துதான் உண்டாகின்றன. பெரும்பகுதியை ஈரலும் மற்ற உறுப்புகளும் தாமே தயாரிக்கின்றன. சாப்பாட்டிலிருந்து வருவது குறைந்த பங்கு. "எண்ணெயே தொடறதில்லை" என்ற நண்பருக்குப் பதில் இதில் பாதி இருக்கிறது. கடையில் வாங்காவிட்டாலும் வீட்டிலேயே ஃபேக்டரி ஓடுகிறது.

மெழுகு தண்ணீரில் கரையாது. ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். அதனால் கொழுப்பைப் புரத உறையில் சுற்றி வண்டியில் ஏற்றி அனுப்புகிறது ஈரல். எல்.டி.எல். என்பது சரக்கை ஈரலிலிருந்து ஊருக்குக் கொண்டுபோகும் லாரி. எச்.டி.எல். மிச்சத்தைத் திரும்ப அள்ளிவரும் வண்டி. வி.எல்.டி.எல். ட்ரைகிளிசரைடு என்ற எரிபொருளைச் சுமந்து போகிறது. லாரிகள் அளவோடு இருந்தால் தொந்தரவு இல்லை. அதிகமாகி வருடக்கணக்கில் சாலையிலேயே சுற்றினால், சில ரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும்.

சுவருக்குள் என்பதைக் கவனியுங்கள். பழைய இரும்புக் குழாயில் பாசி பிடிப்பதுபோல் உள்பக்கம் ஒட்டிக்கொண்டே வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி அல்ல. சுவரின் உள் அடுக்குக்கு அடியில் புகுந்த எல்.டி.எல்.லை வெள்ளை அணுக்கள் தின்று, தின்று, வீங்கி அங்கேயே செத்து, ஒரு கூழ்போல் சேர்கிறது. இந்த நோயின் ஆங்கிலப் பெயரில் உள்ள அதீரோ என்ற கிரேக்கச் சொல்லுக்கே கூழ் என்றுதான் பொருள். அதன்மேல் ஒரு மெல்லிய தோல். ஒரு நாள் அந்தத் தோல் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு. அதற்கு முந்தின நாள் வரை அந்த ஆள் மருதமலைப் படி ஏறியிருக்கலாம். வலியும் இருக்காது, மூச்சும் வாங்காது. இதனால்தான் 'எனக்கு ஒண்ணும் தெரியலையே' என்பது இந்தக் கணக்கில் செல்லாத ரசீது.

இனி ஐந்து தொகைகள். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழ் இருப்பது நல்லது. 240-க்கு மேல் அதிகம். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறையக்கூடாது. ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழ். 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அது தனி அவசரம். வி.எல்.டி.எல். என்பதைப் பெரும்பாலான லேப்களில் அளப்பதே இல்லை; ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்துப் போட்டுவிடுகிறார்கள். எல்.டி.எல்.லும் பல இடங்களில் அப்படிக் கணக்கிடுவதுதான்: மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழி, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கைக் கழி, மிச்சம் எல்.டி.எல். ஃபிரீட்வால்ட் என்பவர் 1972-ல் தந்த சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது. உங்கள் தாளை எடுத்துப் பென்சிலால் கூட்டிக் கழித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துப்போகும்.

எல்.டி.எல். எவ்வளவு இருக்கலாம் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுவது. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆபத்து குறைந்தவர்களுக்கு 100-க்குக் கீழ், சர்க்கரை, பிரஷர் போன்றவை இருந்து ஆபத்து கூடியவர்களுக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களைப் போன்ற மிக அதிக ஆபத்துக்காரர்களுக்கு 55-க்குக் கீழ் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் 110-ம் உங்கள் 110-ம் ஒன்றல்ல. பொதுவாக வெறும் வயிறு கட்டாயமில்லை என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ட்ரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் வெறும் வயிற்றில் வரச் சொல்வார். காலைக் காப்பிக்காக டெஸ்ட்டையே தள்ளிப்போடும் நம்மவர்களுக்கு இனி அந்தச் சாக்கு இல்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு மறுபாதி. ரேஸ் கோர்ஸ் மூவரில் ஒருவருக்கு எல்.டி.எல். 104, ஆனால் ட்ரைகிளிசரைடு 310, எச்.டி.எல். 33. இதுதான் நம் ஊர்க் கணக்கு. சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் நடத்திய ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வின் கொழுப்புப் பகுதி 2014-ல் வெளிவந்தது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். ட்ரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம். எச்.டி.எல். குறைவு 72.3 சதவீதம்! எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; பிரச்சினை சோற்றுத் தட்டிலும் நாற்காலியிலும் இருக்கிறது.

அந்த நண்பரிடம் ஒரு நாள் சாப்பாட்டைச் சொல்லச் சொன்னேன். காலையில் சர்க்கரை போட்ட காப்பி, ஆறு இட்லி. பதினோரு மணிக்குப் பேக்கரியில் டீ, தேங்காய் பன். மதியம் சோறு மூன்று வட்டம். நாலு மணிக்கு மறுபடி பேக்கரி. ராத்திரி சந்தகை அல்லது தோசை. எண்ணெய் அவ்வளவாக இல்லைதான். ஆனால் தேவைக்கு மேல் போகும் மாவையும் சர்க்கரையையும் ஈரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி வண்டியேற்றுகிறது. அதோடு சாயங்காலம் 'மருந்து மாதிரி கொஞ்சம்' என்ற பழக்கமும் இருந்தால் சொல்லவே வேண்டாம், சாராயம் ட்ரைகிளிசரைடை நேராகவே ஏற்றும். கோயமுத்தூர்க்காரனைப் பேக்கரிக்குப் போகாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. டீயில் சர்க்கரையையும் கையில் பன்னையும் விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். மூன்று மாதத்தில் 310 என்பது 190-க்கு வந்தது. இந்த எண் ஒன்றுதான் இவ்வளவு சீக்கிரம் சொன்ன பேச்சு கேட்கும்.

எண்ணெய்க்கு வருவோம். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பாட்டிலில் இதயப் படம் போட்டு விற்கிறார்களே, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைகொழுப்பு எவ்வளவு என்பது. அதுதான் ஈரலில் எல்.டி.எல்.லைக் கூட்டுகிறது. தேங்காய் எண்ணெயில் அது 90 சதவீதத்தை ஒட்டி, ரேஷன் பாமாயிலில் 40-க்கு மேல், கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 சுமார். பொள்ளாச்சி நண்பர்கள் கோபிக்க வேண்டாம். தேங்காய்ச் சட்னியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, எல்.டி.எல். அதிகம் உள்ளவர்கள் தேங்காய் எண்ணெயில் சமைக்க வேண்டாம் என்பதுதான். மரச்செக்கில் ஆட்டியதாலே இந்தக் கணக்கு மாறாது. வாசனை மாறும், அது வேறு சந்தோஷம். எதுவானாலும் ஒரு ஆளுக்கு நாளைக்கு 20, 25 கிராம், அதாவது நாலைந்து டீஸ்பூன் போதும். வனஸ்பதி மட்டும் வேண்டவே வேண்டாம். கரிமச் சேர்மங்களில் ஹைட்ரஜனை ஏற்றும் வித்தையைக் கண்டு 1912-ல் நோபல் பரிசு வாங்கிய சபத்தியேவும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், என்ன செய்வது! அந்த வித்தையில் விளைந்த ட்ரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லைக் கூட்டி எச்.டி.எல்.லைக் குறைக்கும். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் 2 சதவீதத்துக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். என் மனைவிக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஊர். வாரத்தில் இரண்டு நாள் கொள்ளுப் பருப்புக் கடைசல் நிச்சயம். நார்ச்சத்து உள்ளது, வயிறு நிறையும், சோறு குறையும், நல்ல உணவு. ஆனால் உணவு என்பதற்கு மேல் அதை மருந்து என்று நம்பி, எழுதிக்கொடுத்த மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். சாப்பாட்டைத் திருத்தினால் எல்.டி.எல். ஒரு அளவு இறங்கும், அவ்வளவே. சிலருக்கு அது போதும். சிலருக்குப் போதாது. அந்த 'சிலர்' பட்டியலில் என் குடும்பம் இருக்கிறது.

என் அப்பா புதுச்சேரி மில்லில் வேலை பார்த்து, பிறகு சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லுக்கு மேஸ்திரியாக வந்தவர். ஒல்லியான மனிதர். 1968-ல், 51 வயதில், ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயு என்றார்கள். ஓமத் தண்ணி கொடுத்தார்கள், சோடா வாங்கிவந்தார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு முன்பே புதுச்சேரியில் பெரியப்பா 47 வயதில் தூக்கத்திலேயே போனார். பெரியப்பாவின் கண்ணிமை ஓரத்தில் மூக்குப் பக்கமாக மஞ்சளாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அதிர்ஷ்டத் தழும்பு என்று பாட்டி சொல்வாள். அது தோலுக்கடியில் தேங்கிய கொலஸ்ட்ரால் என்று சொல்ல அன்று யாரும் இல்லை. பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் உள்ள மோனா லிசாவின் இமையோரத்திலும் அப்படியொரு திட்டு தெரிகிறது என்று சில மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

2003-ல் என் தம்பிக்கு 48 வயதில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த டாக்டர்தான் முதன்முதலாகக் கேட்டார்: "உங்க அப்பா எத்தனை வயசுல போனாருங்க?" பதிலைக் கேட்டுவிட்டு, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு எல்.டி.எல். 198. தங்கைக்கு வரவில்லை. இதற்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் என்று பெயர். சுமார் 250, 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

இதன் சூட்சுமத்தைக் கண்டவர்கள் அமெரிக்காவின் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவர். 1985-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். கருவூல பாஷையில் சொல்கிறேன். ஈரலின் செல்களில் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் கவுண்டர்கள் இருக்கின்றன. பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு அதில் சுமார் பாதி கவுண்டர்தான் வேலை செய்யும். மாதக் கடைசியில் பாதி கவுண்டரை மூடினால் வரிசை தெருவரைக்கும் நிற்குமே, அதேபோல் எல்.டி.எல். ரத்தத்திலேயே நிற்கிறது, பிறந்த நாளிலிருந்து. ஒல்லியோ குண்டோ, சைவமோ அசைவமோ, அதற்குத் தெரியாது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூவா தலையாதான்.

மாத்திரையின் கதையும் நம் அரிசிக் கடையில் ஆரம்பிப்பதுபோல் இருக்கும். ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் இரண்டு வருடமாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்தார். 1973-ல், கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பிடித்திருந்த நீலப் பச்சைப் பூஞ்சையிலிருந்து ஈரலின் கொலஸ்ட்ரால் ஃபேக்டரியை மட்டுப்படுத்தும் பொருளைப் பிரித்தார். அந்த வம்சத்தில் முதல் மாத்திரை 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நாம் சாப்பிடும் அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் எல்லாம் அந்தக் குடும்பம். ஈரலில் தயாரிப்பு குறைந்ததும், தேவைக்காக ஈரல் கூடுதல் கவுண்டர்களைத் திறக்கிறது. வரிசை குறைகிறது. எல்.டி.எல். 39 இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பெரிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். எண்டோ 2024-ல் 90 வயதில் காலமானார். நான் அன்றைக்கு அவரை நினைத்து ஒரு விளக்கு ஏற்றினேன்.

நம் அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருகிறவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். அதில் 8 அடோர்வாஸ்டாடின். அப்பாவுக்குக் கிடைத்தது ஓமத் தண்ணி. நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு எனக்கு வேறு கணக்கு வேண்டாம்.

ஆனால் மாத்திரை இருப்பது வேறு, வாயில் போடுவது வேறு. என் மகனுக்கு 44 வயது. பெங்களூரில் வேலை. ஒல்லி, சைக்கிள் ஓட்டுகிறவன். வருடா வருடம் டெஸ்ட் எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனும் வருடா வருடம் "பார்க்கலாங்கப்பா" என்றான். போன வருடம் கம்பெனியில் எடுத்தார்கள். மொத்தம் 286, எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 160. கழித்துப் பாருங்கள்: எல்.டி.எல். 212. தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், சிறுநீரகம், ஈரல் கோளாறிலும் ஏறும். அதையெல்லாம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். இவன் வாங்கவில்லை.

"ஆரம்பிச்சா சாகிற வரைக்கும் நிறுத்த முடியாதுங்கப்பா. தசை வலி வரும்னு போட்டிருக்கான், சர்க்கரை வரும்னு போட்டிருக்கான். எல்லாம் மருந்துக் கம்பெனி வேலைங்கப்பா."

அவன் சொன்னதில் பொய் இல்லை. சிலருக்குத் தசை வலி வருகிறது. ஏற்கெனவே சர்க்கரை வரப்போகிற நிலையில் இருப்பவருக்குக் கொஞ்சம் முன்கூட்டியே வரலாம். ஆனால் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 2020-ல் வெளியிட்ட ஒரு ஆய்வைச் சொன்னேன். பக்க விளைவு என்று மாத்திரையை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் வெறும் மாவு மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லாமல், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் மாவு மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யல்ல, ஆனால் பெரும்பாலும் மாத்திரையால் அல்ல, மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற பயத்தால். உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாவிட்டால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரை மாற்றலாம். மகன் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

பிறகு அவன் தீபாவளிக்கு வந்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. கருவூலத்தில் கோடு போட்ட தாளில் எழுதுவதுபோல் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தேன்.

பெரியப்பா: 47. தூக்கத்தில். மருந்து இல்லை.
அப்பா: 51. 'வாயு'. மருந்து இல்லை.
அத்தை: 58. 'திடீர் மயக்கம்'. மருந்து இல்லை.
தம்பி: 48-ல் ஸ்டென்ட். மருந்து உண்டு. இப்போது 70.
நான்: 53-ல் தெரிந்தது. மருந்து உண்டு. இப்போது 75.
மகன்: 44. எல்.டி.எல். 212. மருந்து:

கடைசி வரியில் இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். அவன் அதை எடுத்துப் படித்தான். ஒன்றும் சொல்லவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஊருக்குப் போய் நான்காம் நாள் மருமகள் போன் செய்தாள்: "மாமா, அவர் மாத்திரை ஆரம்பிச்சிட்டாருங்க." மூன்று மாதத்தில் 212 என்பது 104. பிறகு குடலில் கொலஸ்ட்ராலை உறிஞ்சாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையும் சேர்த்து இப்போது 82.

அதன் பிறகுதான் கஷ்டமான கேள்வி வந்தது. அவனுக்கு இரண்டு பெண்கள், 15-ம் 11-ம். இந்தப் பரம்பரை உள்ள வீட்டில் குழந்தைகளுக்கு 10 வயதுக்குள்ளேயே பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். மருமகளுக்கு மனசே இல்லை. சின்னக் குழந்தைக்கு என்ன கொழுப்பு டெஸ்ட் என்று அழுதாள். எனக்கும் அந்த ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து போனது. சொத்து என்று பெரிதாக எதுவும் கொடுக்காத குடும்பத்தில் இது மட்டும் தவறாமல் கைமாறி வருகிறது.

சின்னவளுக்கு 96. பெரியவளுக்கு 178. தாளைப் பார்த்துப் பெரியவளே கூட்டிக் கழித்தாள், நான் சொல்லிக்கொடுத்த சூத்திரம்தான். வீடியோ காலில், "தாத்தா, அப்ப நான் உங்க கட்சி" என்றாள். ஆமாம் கண்ணு, என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. குழந்தைகள் இதய நிபுணர் ஒருவரிடம் காட்டி வருகிறார்கள். அவர் இந்த வயதில் மாத்திரை கொடுக்கலாம், பாதுகாப்பானதுதான் என்றார். ஆறு மாதம் சாப்பாட்டையும் விளையாட்டையும் சரி செய்துவிட்டு மறுபடி பார்த்து முடிவெடுக்கலாம் என்றிருக்கிறார். ஜூனில் அடுத்த டெஸ்ட். என் அப்பாவுக்கு 51 வயதில் தெரியாதது இவளுக்கு 15-ல் தெரிந்துவிட்டது. கையில் 36 வருட அவகாசம்.

நண்பர்களுக்கு மூன்று விஷயங்கள் மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, எண் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். எண் சரியானது மாத்திரையால். இரண்டு, 75 வயதைத் தாண்டியவர்கள் புதிதாக ஆரம்பிப்பதா வேண்டாமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். மற்ற மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடமே கேளுங்கள், வாட்ஸப்பிடம் கேட்காதீர்கள். மூன்றாவது, இந்த வாரம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உங்கள் வீட்டில் யார் யார் எந்த வயதில், எப்படிப் போனார்கள் என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும். ஆண்களில் 55-க்கு முன், பெண்களில் 65-க்கு முன் 'வாயு', 'திடீர் மயக்கம்', 'தூக்கத்தில்' என்று வந்தால் அந்தத் தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நம் தலைமுறை போய்விட்டால் அந்த வயதுகளைச் சொல்ல ஆள் இருக்காது.

ரேஸ் கோர்ஸ் மூவரில் மூன்றாமவரின் ரிப்போர்ட்டைப் பற்றி எழுத இடமில்லை. அவருக்குக் கொழுப்பு எல்லாம் சரி, தைராய்டுதான் கோளாறு. அது அடுத்த மாதம்.